சிலுவைப் போர்களின் வரலாற்றைப் படிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பதினொன்றாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் மேற்கு ஆசியாவில் நடந்த சிலுவைப் போர்களைக் கல்லூரிப் பாடமாகவோ தம் சொந்த ஆர்வத்தாலோ படிக்கத் தொடங்குவோருக்கு எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது. நிகழ்ச்சிகளின் வரிசையைவிட, அவற்றை நாம் யார் வழியாக அறிகிறோம் என்பதற்கே அதிக இடம் தந்திருக்கிறேன். இந்தத் துறையில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை, ஒரு சாட்சி எங்கே நின்று, எப்போது, யாருக்காக எழுதினார் என்று கேட்காமலே அவருடைய சொல்லை எடுத்துக்கொள்வதால் நேர்பவை.

சிலுவைப் போர்கள் என்று எந்தப் போர்களைக் குறிப்பிடுகிறோம்?

போப்பாண்டவரின் அழைப்பை ஏற்று, பாவங்களுக்குப் பரிகாரமாகும் என்ற நம்பிக்கையோடு, ஆடையில் சிலுவைக் குறியைத் தைத்துப் பொருத்தனை (நேர்த்திக்கடன்) செய்துகொண்டவர்கள் நடத்திய போர்களையே பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் இப்பெயரால் குறிக்கிறார்கள். 1095 நவம்பரில் பிரான்சின் கிளெர்மோன் நகரில் போப் இரண்டாம் அர்பன் விடுத்த அழைப்பில் தொடங்கி, 1291 மே மாதம் எகிப்தின் மம்லூக் சுல்தான் அல்-அஷ்ரஃப் கலீல் அக்கோ துறைமுகத்தைக் கைப்பற்றியது வரையிலான காலமே பாடநூல்களில் பேசப்படுகிறது. ஆனால் போப்பாண்டவர்கள் இதே பரிகாரத்தை வேறு இடங்களில் போரிட்டவர்களுக்கும் வழங்கினார்கள். 1147இல் பால்டிக் கடலோரத்து ஸ்லாவிய மக்கள்மீது படையெடுத்தவர்களும், 1209 முதல் 1229 வரை தெற்கு பிரான்சில் கத்தார் என்னும் கிறிஸ்தவப் பிரிவினருக்கு எதிராகப் போரிட்டவர்களும் சிலுவை அணிந்தவர்களே. ஆகவே, சிலுவைப் போர் என்றாலே கிறிஸ்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே நடந்த போர் என்று வரையறுத்துக்கொண்டால், வரலாற்றின் ஒரு பகுதி தொடக்கத்திலேயே பார்வையிலிருந்து விலகிவிடும்.

முதலாம், இரண்டாம் என்ற எண்வரிசையை அப்படியே நம்பலாமா?

அது பிற்காலத்தவர் வசதிக்காக இட்ட வரிசை மட்டுமே. 1101இல் அனடோலியாவில் (இன்றைய துருக்கியில்) அழிந்துபோன பெரும் படையெடுப்புக்கு எண்ணே கிடையாது. பேரரசர் இரண்டாம் பிரெடரிக் 1228–29இல் மேற்கொண்ட பயணத்தைச் சிலர் ஐந்தாவதோடு சேர்ப்பார்கள், சிலர் ஆறாவது என்பார்கள். எண்ணோடு ஆண்டையும் சேர்த்து எழுதிப் பழகினால் குழப்பம் வராது.

1095இல் இது ஏன் தொடங்கியது?

ஒரே காரணத்தைச் சொல்ல இயலாது. 1071இல் மன்சிகெர்ட் போரில் செல்ஜூக் துருக்கியரின் சுல்தான் அல்ப் அர்ஸ்லானிடம், கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து ஆண்ட கிரேக்கக் கிறிஸ்தவப் பேரரசரான பைசாந்தியப் பேரரசர் ரோமானோஸ் தோற்றுச் சிறைப்பட்டார். அதன்பின் அனடோலியாவின் பெரும்பகுதி துருக்கியர் வசமானது. பேரரசர் முதலாம் அலெக்ஸியோஸ் கொம்னெனோஸின் தூதர்கள் 1095 மார்ச்சில் பியாச்சென்சா நகரில் போப்பின் சபைமுன் நின்று படை உதவி கேட்டார்கள். அவர் எதிர்பார்த்தது தம் கட்டளைக்கு அடங்கிய கூலிப்படையைத்தான். ஜெருசலேமை மீட்கப் புறப்படும் மக்கள்வெள்ளத்தை அன்று. போப்பாண்டவர் பதவியோ அப்போது ஜெர்மானியப் பேரரசரோடு நீண்ட அதிகாரப் போட்டியில் இருந்தது. கிழக்கே படை நடத்திச் செல்லும் எண்ணத்தை ஏழாம் கிரிகோரி 1074இலேயே வெளியிட்டிருந்தார்.

இவ்வளவையும் சொல்லும் நூல்கள் பல, மறுபக்கத்தில் நேர்ந்ததைச் சொல்வதில்லை. 1092இல் செல்ஜூக் பேரமைச்சர் நிழாமுல் முல்க் கொலையுண்டார். சில வாரங்களில் சுல்தான் மலிக்‌ஷா இறந்தார். 1094இல் கெய்ரோவின் ஃபாத்திமி கலீஃபா முஸ்தன்சிரும் பாக்தாதின் அப்பாசி கலீஃபா முக்ததியும் மறைந்தார்கள். இரண்டே ஆண்டுகளுக்குள் இவ்வளவு பெரிய தலைமைகள் சரிந்ததால் சிரியாவின் ஒவ்வொரு நகரமும் தனித்தனி அமீரின் கையில் நின்றது. ஜெருசலேமைக்கூட, பிராங்குகள் (மேற்கு ஐரோப்பியப் படையினரைக் கிழக்கில் அப்படித்தான் அழைத்தார்கள்) வந்து சேர்வதற்கு முந்திய ஆண்டில்தான், 1098இல், ஃபாத்திமிகள் துருக்கிய அமீர்களிடமிருந்து மீட்டிருந்தார்கள். முதல் படையெடுப்பின் வெற்றியைப் படையெடுத்தவர்களின் வீரத்தை மட்டும் வைத்து விளக்குவது ஏன் போதாது என்பது இதிலிருந்து தெரியும்.

கிளெர்மோனில் அர்பன் உண்மையில் என்ன பேசினார்?

அந்தச் சொற்பொழிவின் சொற்கள் நமக்குக் கிடைக்கவில்லை; பின்னாளில் எழுதப்பட்ட வடிவங்களே கிடைத்துள்ளன. ஷார்த்ரின் ஃபுல்ஷர், துறவி ராபர்ட், டோலின் பால்ட்ரிக், நோஜானின் கிபெர் ஆகிய நால்வரும் 1099இல் ஜெருசலேம் வீழ்ந்த பிறகே எழுதினார்கள். வெற்றி கிடைத்துவிட்டது என்ற அறிவு அவர்களுடைய ஒவ்வொரு வாக்கியத்திலும் கலந்திருக்கிறது. ராபர்ட்டின் வடிவத்தில் ஜெருசலேம் மையமாக நிற்கிறது. ஃபுல்ஷரின் வடிவத்திலோ அந்த நகரத்தின் பெயரே இல்லை. கிழக்கத்தியக் கிறிஸ்தவர்களுக்கு உதவ வேண்டும் என்ற அழைப்பு மட்டுமே உள்ளது. இந்த முரண்பாட்டைத் தீர்க்க உதவுபவை அர்பனே அனுப்பிய சில கடிதங்களும், அந்தச் சபை நிறைவேற்றிய ஒரு விதியும். பெயருக்கோ பணத்துக்கோ அன்றி, பக்தியால் மட்டும் ஜெருசலேமிலுள்ள இறைவனின் திருச்சபையை விடுவிக்கப் புறப்படுபவருக்கு அந்தப் பயணமே முழுப் பரிகாரமாகும் என்று அந்த விதி கூறுகிறது. உணர்ச்சி ததும்பும் நான்கு சொற்பொழிவுகளைவிட இந்த ஒற்றை வாக்கியமே எனக்கு அதிகம் சொல்கிறது. எழுச்சி தொடங்கும் முன்னரே, என்ன நிகழப்போகிறது என்று தெரியாதவர்கள் எழுதியது அது.

அவர்கள் மண்ணுக்காகப் போனார்களா, மதத்துக்காகப் போனார்களா?

குடும்பச் சொத்தில் பங்கு கிடைக்காத இளைய மகன்கள் நிலம் தேடிக் கிளம்பினார்கள் என்ற விளக்கம் நீண்ட காலம் செல்வாக்கோடு இருந்தது. மடாலயங்களில் பாதுகாக்கப்பட்ட நிலப் பத்திரங்களை வரலாற்றாசிரியர்கள் வரிவரியாகப் படித்தபோது அது தளர்ந்தது. புறப்பட்டவர்களில் குடும்பத் தலைவர்களும் மூத்த மகன்களும் ஏராளம். ஒரு குதிரைவீரன் கிழக்கே போய்வர அவனுடைய பல ஆண்டு வருமானம் செலவானது. அதற்காக நிலத்தை அடகு வைத்தார்கள், விற்றார்கள். நார்மண்டியின் கோமகன் ராபர்ட் தம் நாட்டையே தம்பியான இங்கிலாந்து மன்னரிடம் 10,000 மார்க் வெள்ளிக்கு அடகு வைத்தார். முதல் படையெடுப்பில் உயிர் பிழைத்தவர்களில் பெரும்பாலோர், ஜெருசலேமில் வழிபட்டுப் பொருத்தனையை நிறைவேற்றியதும் ஊர் திரும்பிவிட்டார்கள்.

இதனால் ஆசையே இல்லை என்று ஆகிவிடாது. தாரந்தோவின் பொஹமண்ட் அந்தியோக்கியாவைப் பிடித்துக்கொண்டு ஜெருசலேமுக்கு மற்றவர்களோடு போகவே இல்லை. ஜெனோவா, பீசா, வெனிஸ் நகரங்களின் கப்பல்கள் ஒவ்வொரு துறைமுகத்திலும் வணிகச் சலுகை பெற்றன. மலபாரின் மிளகு செங்கடல் வழியாக எகிப்தை அடைந்து, அங்கிருந்து இத்தாலிய வணிகர் கைக்குப் போன காலம் அது. போர் நடந்த ஆண்டுகளிலும் அந்த வணிகம் ஓய்ந்துவிடவில்லை. ஆனால் நம்பிக்கையை ஒரு முகமூடி என்று ஒதுக்கிவிட்டு உண்மைக் காரணத்தைத் தேடுகிறோம் என்று எண்ணுவது நம் காலத்தின் பழக்கம். பாவத்துக்கு அஞ்சியவனும் நிலத்தை விரும்பியவனும் ஒரே மனிதனாக இருந்திருக்கிறான்.

எதிர்த்து நின்ற முஸ்லிம்கள் ஓரணியில் இருந்தார்களா?

இல்லை, கிறிஸ்தவர்களும் ஓரணியில் இல்லை. 1108இல் தல் பாஷிர் அருகே நடந்த ஒரு சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருபுறம் எடெஸ்ஸாவின் கிறிஸ்தவப் பிரபு பால்ட்வினும் மோசூலின் துருக்கிய அமீர் ஜாவலியும். எதிர்ப்புறம் அந்தியோக்கியாவை ஆண்ட பிராங்குத் தலைவர் தான்க்ரெடும் அலெப்போவின் செல்ஜூக் அரசர் ரித்வானும். சிலுவை ஜெருசலேமில் ஏறிப் பத்து ஆண்டுகள்கூட ஆகவில்லை. 1115இல் செல்ஜூக் சுல்தான் அனுப்பிய பெரும் படை சிரியாவுக்குள் வந்தபோது, டமாஸ்கஸின் ஆட்சியாளர் துக்தகினும் துருக்கிய அமீர் இல்காசியும் அந்தியோக்கியாவின் பிராங்குத் தலைவர் ரோஜரோடு சேர்ந்து அதை எதிர்த்து நின்றார்கள். தொலைவிலிருக்கும் சுல்தானைவிட அருகிலிருக்கும் பிராங்கு அவர்களுக்கு ஆபத்துக் குறைந்தவராகத் தோன்றினார். 1140இல் மோசூலையும் அலெப்போவையும் ஆண்ட ஜங்கிக்கு எதிராக ஜெருசலேமோடு கைகோத்த டமாஸ்கஸைத்தான், 1148இல் இரண்டாம் படையெடுப்பின் தலைவர்கள் முற்றுகையிட்டு, நான்கே நாட்களில் பின்வாங்கினார்கள். அரசியல் நோக்கில் பார்த்தால் அந்த முற்றுகை, நட்பாக இருக்கக்கூடிய ஒரே பெருநகரைப் பகையாக்கிக்கொண்ட பெரும் பிழை என்றே கருதுகிறேன்.

அப்படியானால் ஜிகாத் என்ற அழைப்பு எப்போது வலுப்பெற்றது?

படிப்படியாக. 1105இல் டமாஸ்கஸ் அறிஞர் சுலமி, ஸ்பெயினிலும் சிசிலியிலும் சிரியாவிலும் நடப்பது ஒரே எழுச்சியின் கிளைகள் என்று எடுத்துரைத்து, முதலில் முஸ்லிம்கள் தம் உள்ளத்தைச் சீர்திருத்திக்கொண்டு பின்னர் போருக்கு எழவேண்டும் என்று பள்ளிவாசலில் பாடம் நடத்தினார். கேட்டவர்கள் சிலரே. 1111இல் அலெப்போவின் காழி (நீதிபதி) இப்னுல் கஷ்ஷாப் தலைமையில் ஒரு குழு பாக்தாதுக்கே போய், ஜும்ஆ நேரத்தில் மிம்பரை (பள்ளிவாசலின் சொற்பொழிவு மேடையை) உடைத்துக் கலீஃபாவின் கவனத்தைத் திருப்ப வேண்டியிருந்தது. 1144இல் ஜங்கி எடெஸ்ஸாவைப் பிடித்த பிறகும், அவருடைய மகன் நூருத்தீனின் ஆட்சியில்தான் மார்க்க அறிஞர்களும் ஆட்சியாளரும் இந்தக் குறிக்கோளில் ஒன்றிணைந்தார்கள். ஜெருசலேம் மீளும் நாளில் மஸ்ஜிதுல் அக்ஸாவில் வைப்பதற்கென்றே 1168–69 வாக்கில் நூருத்தீன் அலெப்போவில் ஒரு மரமிம்பரைச் செய்யவைத்தார். அவர் காலமான பின், 1187இல் சலாஹுத்தீன் அதை ஜெருசலேமுக்குக் கொண்டுவந்து நிறுவினார். 1969 ஆகஸ்டில் ஒருவர் வைத்த தீயில் அது எரியும்வரை அங்கேயே இருந்தது.

1099 ஜூலையில் ஜெருசலேமில் எத்தனை பேர் கொல்லப்பட்டார்கள்?

இதுவே மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி. வரலாறு படிக்கும் முறையைக் கற்றுக்கொள்ள இதைவிடப் பொருத்தமான கேள்வியும் இல்லை. ஐந்து வாரம் நீடித்த முற்றுகைக்குப் பின் 1099 ஜூலை 15ஆம் நாள் பிராங்குகள் மதிலைத் தாண்டினார்கள். பெரும் படுகொலை நடந்தது. அதில் ஐயத்துக்கு இடமே இல்லை, ஏனென்றால் நடத்தியவர்களே அதை மறைக்காமல் பெருமையாக எழுதினார்கள். எண்ணிக்கைதான் சிக்கல்.

துலூஸ் பிரபு ரேமண்டின் குருவாக உடன் சென்ற அகீலரின் ரேமண்ட், சாலமோனின் ஆலயத்தில் (அக்ஸாவை அவர்கள் அப்படி அழைத்தார்கள்) குதிரைகளின் கடிவாளம்வரை இரத்தம் நின்றதாக எழுதினார். அவர் அங்கே இருந்தவர், கண்ணால் கண்டவர். ஆனாலும் அந்த வரி கண்ணால் கண்டதிலிருந்து வரவில்லை. பைபிளின் வெளிப்படுத்தின விசேஷம் 14:20இல் கடவுளின் கோபத்தைப் பற்றி வரும் வசனத்திலிருந்து வருகிறது. தாம் கண்டது இறுதித் தீர்ப்பின் நிறைவேற்றம் என்பதே அவர் சொல்ல வந்தது. அதை அளவுக்கணக்காக எடுத்துக்கொள்கிறவர் அவரைத் தவறாகப் படிக்கிறார். அது வசனம்தானே என்று கொலையையே லேசாக்குகிறவரும் தவறாகவே படிக்கிறார். அக்ஸாவில் ஏறத்தாழ 10,000 பேர் கொல்லப்பட்டதாக ஃபுல்ஷர் கூறுகிறார். அவர் அன்று எடெஸ்ஸாவில் இருந்தார். ஜெருசலேமை அவர் பார்த்தது மாதங்கள் கழித்துத்தான்.

அரபு நூல்களில் இப்னுல் அஸீர் தரும் 70,000 என்ற எண்ணே மிகப் பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது. அவர் 1160இல் பிறந்து, நிகழ்ச்சிக்கு நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து எழுதியவர். முற்றுகைக்கு அஞ்சி முன்னரே பலர் வெளியேறியிருந்த அந்த நகரில், அத்தனை பேர் அக்ஸாவில் மட்டும் இருந்திருக்க வாய்ப்பில்லை. அவருக்கு முந்திய டமாஸ்கஸ் வரலாற்றாசிரியர் இப்னுல் கலானிஸி எண் எதுவும் தராமல், ஏராளமானோர் கொல்லப்பட்டதையும், யூதர்கள் தங்கள் தொழுகைக்கூடத்தில் கூடியிருந்தபோது அது அவர்கள்மீதே எரிக்கப்பட்டதையும் சில வரிகளில் குறிக்கிறார். செவில்லாவின் அறிஞர் அபூபக்ர் இப்னுல் அரபி சில ஆண்டுகளுக்கு முன்பு ஜெருசலேமில் தங்கிக் கற்றவர். நிகழ்ச்சியின்போதும் கிழக்கு நாடுகளில்தான் இருந்தார். அவர் குறிப்பிடும் எண் 3,000. நகரை அறிந்தவர், காலத்தால் நெருங்கியவர், சொல்லும் எண்ணும் சிறியது. ஆகவே ஆய்வாளர் பலர் இதையே உண்மைக்கு அருகில் வைக்கிறார்கள்.

எல்லோரும் கொல்லப்படவும் இல்லை. தாவீதின் கோபுரத்தில் இருந்த ஃபாத்திமி ஆளுநர் இஃப்திகாருத் தவ்லா உடன்பாடு செய்துகொண்டு தம் வீரர்களோடு அஸ்கலானுக்குப் போனார். கெய்ரோவின் பழைய யூதத் தொழுகைக்கூடம் ஒன்றின் அறையில், கெனிசா என்ற பெயரில் ஆய்வுலகம் அறிந்த காகிதக் குவியலில், அஸ்கலான் யூதப் பெரியவர்கள் எழுதிய கடிதம் ஒன்று கிடைத்தது. பிராங்குகளிடம் சிறைப்பட்டவர்களைப் பணம் கொடுத்து மீட்டதையும், கொள்ளைபோன திருச்சுருள்களையும் நூல்களையும் விலைக்கு வாங்கியதையும், அதற்காகக் கடன்பட்டதையும் அது சொல்கிறது. பரிசுக்காகவோ புகழுக்காகவோ எழுதப்படாத அந்தக் கடிதத்தில் எண் பெருக்கப்பட வேண்டிய தேவை இல்லை. பணம் வேண்டும் என்ற அவசரம் மட்டுமே இருக்கிறது. இப்படிப்பட்ட ஏடுகளைப் படிக்கும்போதுதான் அந்த ஜூலை மாதம் எனக்கு மனிதர்களின் துயரமாகப் புலப்படுகிறது.

யூதர்களும் கிழக்கத்தியக் கிறிஸ்தவர்களும் இந்த வரலாற்றில் எங்கே வருகிறார்கள்?

தொடக்கத்திலேயே வருகிறார்கள். 1096 கோடையில், படை கிழக்கே போய்ச் சேரும் முன்பே, ரைன் நதிக்கரையின் வோர்ம்ஸ், மைன்ஸ் நகரங்களில் யூதச் சமூகங்கள் அழிக்கப்பட்டன. ஞானஸ்நானம் அல்லது சாவு என்ற நிலையில் பலர் தம் பிள்ளைகளைத் தாமே கொன்று தாமும் இறந்ததை எபிரேய வரலாற்றேடுகள் பதிவு செய்துள்ளன. ஸ்பேயர் நகரில் ஆயர் தலையிட்டதால் பெரும்பாலோர் தப்பினார்கள். போப் இதற்கு அழைப்பு விடுக்கவில்லை; ஆனால் கிறிஸ்துவின் பகைவரைத் தேடித் தொலைவுக்குப் போவானேன் என்ற எண்ணம் அவருடைய அழைப்பு மூட்டிய சூட்டில்தான் பரவியது.

கிழக்கத்தியக் கிறிஸ்தவர்களுக்கு நேர்ந்த பேரிடி 1204. எகிப்துக்குப் போக 33,500 பேருக்குக் கப்பலும் உணவும் தரும்படி 1201இல் வெனிசோடு 85,000 மார்க்குக்கு ஒப்பந்தம் ஆனது. வந்து சேர்ந்ததோ மூன்றில் ஒரு பங்கு ஆட்களே. கடனைத் தீர்க்க வழியின்றி, முதலில் ஸாரா என்ற கிறிஸ்தவ நகரத்தை வெனிசுக்காகப் பிடித்தார்கள். பின்னர், அரியணையை மீட்டுத் தந்தால் 200,000 மார்க் தருவதாகச் சொன்ன பைசாந்திய இளவரசனின் பின்னே போனார்கள். அவனால் தர முடியவில்லை. 1204 ஏப்ரலில் உலகின் மிகப் பெரிய கிறிஸ்தவ நகரான கான்ஸ்டாண்டிநோபிளைச் சிலுவை அணிந்தவர்களே சூறையாடினார்கள். இதை எழுதிய வில்லார்துவான் அந்த ஒப்பந்தத்தைப் பேசி முடித்த தூதர்களில் ஒருவர். எனவே அவர் நூலில் எல்லாமே ஒன்றன்பின் ஒன்றாக நேர்ந்த தற்செயல்களாகத் தெரிகின்றன. வீட்டை இழந்து குடும்பத்தோடு வெளியேறிய நிகேத்தாஸ் கோனியாத்தேஸின் கிரேக்க நூலை அதனருகே வைத்தே படிக்க வேண்டும்.

சலாஹுத்தீன் பெருந்தன்மை மிக்கவரா?

1187 ஜூலை 4இல் ஹத்தீனில் பிராங்குப் படையை அழித்த சலாஹுத்தீன், அக்டோபர் 2இல் ஜெருசலேமை உடன்படிக்கையின்படி பெற்றார். 1099 போன்ற படுகொலை நடக்கவில்லை. ஆணுக்குப் 10 தீனார், பெண்ணுக்கு 5 தீனார் என்ற மீட்புப்பணத்தில் மக்கள் வெளியேறினார்கள். இது மெய்யான வேறுபாடு, சிறுமைப்படுத்தக் கூடாது. ஆயினும் அவரை வியந்து எழுதிய ஐரோப்பிய நாவல்கள் விட்டுவிடும் விவரங்களும் உண்டு. முதலில் அவர் பழிக்குப் பழியையே எண்ணினார் என்றும், சரண் ஏற்கப்படாவிட்டால் தம்மிடமுள்ள முஸ்லிம் கைதிகளைக் கொன்று புனித இடங்களை இடித்துவிடுவோம் என்று நகரைக் காத்துநின்ற இபெலினின் பாலியன் மிரட்டிய பிறகே இணங்கினார் என்றும் இப்னுல் அஸீர் எழுதுகிறார். பணம் கட்ட இயலாத பல ஆயிரம் பேர் அடிமைகளானார்கள். ஹத்தீனில் பிடிபட்ட டெம்ப்ளர், ஹாஸ்பிட்டலர் துறவி வீரர்கள் கொல்லப்பட்டார்கள். இப்னுல் அஸீர் ஜங்கி மரபினரின் மோசூலில் வாழ்ந்தவர், அந்த மரபின் நாடுகளைப் பறித்தவர் சலாஹுத்தீன் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். புகழ்ந்து எழுதிய பஹாவுத்தீன் இப்னு ஷத்தாதோ 1188இல்தான் சுல்தானின் பணியில் சேர்ந்தார். அதற்குப் பிந்திய நிகழ்ச்சிகளுக்கு அவரைப்போன்ற சாட்சி வேறில்லை. 1191 ஆகஸ்டில் அக்கோவின் வெளியே இங்கிலாந்து மன்னர் ரிச்சர்ட் சுமார் 2,700 முஸ்லிம் கைதிகளைக் கொன்றபோது அவர் சுல்தானின் முகாமில் இருந்தார்.

போர் இல்லாத நாட்களில் எப்படி வாழ்ந்தார்கள்?

சிரியாவின் ஷைஸர் கோட்டையைச் சேர்ந்த உஸாமா இப்னு முன்கித் 1095இல் பிறந்து 1188வரை வாழ்ந்தவர். அக்ஸாவை அடுத்த சிறு பள்ளிவாசலைத் தம் நண்பர்களான டெம்ப்ளர்கள் தமக்காக ஒழித்துத் தந்ததையும், தொழும்போது புதிதாக வந்த பிராங்கு ஒருவன் தம் முகத்தைக் கிழக்கே திருப்பியதையும், டெம்ப்ளர்கள் அவனை விலக்கிவிட்டு மன்னிப்புக் கேட்டதையும் சுவையாகச் சொல்கிறார். ஆனால் அது முதுமையில், இறைவனின் விதிப்பயனை உணர்த்தும் படிப்பினைகளாக எழுதப்பட்ட நூல். பிராங்கு மருத்துவர்களைப் பற்றிய அவருடைய கதைகளை அப்படியே மருத்துவ வரலாறாகக் கொள்ளலாகாது.

1184இல் அந்தலூசியப் பயணி இப்னு ஜுபைர் திப்னீனிலிருந்து அக்கோ வரும் வழியில், பிராங்கு ஆட்சியில் முஸ்லிம் உழவர்கள் விளைச்சலில் பாதியும் தலைவரியும் கொடுத்துவிட்டு நிம்மதியாக வாழக் கண்டார். அவர் அதை மகிழ்ச்சியோடு எழுதவில்லை. நெஞ்சங்களை மயக்கும் சோதனை என்று இறைவனிடம் காப்புத் தேடுகிறார். அந்த வெறுப்புதான் அவருடைய சாட்சியத்தை நம்பத்தக்கதாக்குகிறது. சுல்தான் சலாஹுத்தீன் பிராங்குகளின் கரக் கோட்டையை முற்றுகையிட்டிருந்த அதே நாட்களில் டமாஸ்கஸ் வணிகர் கூட்டங்கள் அக்கோவுக்கு வந்துபோனதையும் அவர் வியப்போடு பதிகிறார். அந்த அக்கோவில் பிராங்குகள் அரபு எழுத்துப் பொறித்த காசுகளை அச்சிட்டார்கள். பாப்பரசின் தூதர் கண்டித்த பிறகு, 1251இல், பிதா, சுதன், பரிசுத்த ஆவி ஒரே கடவுள் என்பதையே அரபு மொழியில் பொறித்தார்கள்.

அகழாய்வும் மரபணு ஆய்வும் ஏதேனும் சேர்த்திருக்கின்றனவா?

ஏடுகள் சொல்லாதவற்றைச் சேர்த்திருக்கின்றன. லெபனானின் சீதோனில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுப் புதைகுழியில் இருந்த ஒன்பது ஆண்களின் மரபணுவைப் பற்றிய ஆய்வு 2019இல் வெளியானது. சிலர் ஐரோப்பியர், சிலர் உள்ளூர்வாசிகள், இருவர் கலப்புப் பெற்றோரின் மக்கள். ஒரே படையில் நின்று ஒரே குழியில் விழுந்தவர்கள். ஜோர்தான் நதியின் யாக்கோபுத் துறையில் 1179இல் சலாஹுத்தீன் தகர்த்த கோட்டையோ, நிலப்பிளவின்மேல் கட்டப்பட்டிருந்ததால் பின்வந்த நிலநடுக்கங்களில் மதில் ஏறத்தாழ 2 மீட்டர் விலகி, இன்று நிலவியலாளருக்கும் அளவுகோலாக நிற்கிறது.

இன்றைய அரசியல் பேச்சுகளில் வரும் சிலுவைப் போர், பழைய சிலுவைப் போர்தானா?

பெரும்பாலும் அது 19ஆம் நூற்றாண்டின் வார்ப்பு. பிரெஞ்சு மன்னர் லூயி பிலிப் வெர்சாய் அரண்மனையில் சிலுவைப் போர் மண்டபங்களை அமைத்து, முன்னோர் கலந்துகொண்ட குடும்பங்களின் சின்னங்களைப் பொறித்தபோது, தம் குடும்பப் பெயரையும் சேர்க்க விரும்பியவர்களுக்காகப் போலிப் பத்திரங்கள் ஏராளமாகத் தயாரிக்கப்பட்டன. 1898இல் ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் டமாஸ்கஸில் சலாஹுத்தீனின் அடக்கத்தலத்துக்கு மலர்வளையம் வைத்தார். அரபு மொழியில் இப்போர்களைத் தனிப்பொருளாக எடுத்த முதல் நவீன வரலாற்று நூல் 1899இல் கெய்ரோவில் வெளிவந்தது. ஐரோப்பிய ஆதிக்கத்தைப் பழைய படையெடுப்போடு ஒப்பிடும் நோக்கம் அதில் வெளிப்படை. அதற்கு முன் அரபு மக்கள் இதை மறந்திருந்தார்கள் என்று சிலர் கூறுவது மிகை. பிராங்குகளோடு போரிட்ட மம்லூக் சுல்தான் பைபர்ஸின் கதை காப்பிக்கடைகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வந்தது.

தமிழ் மாணவர் எங்கிருந்து தொடங்கலாம்?

மூல ஏடுகள் லத்தீன், பழைய பிரெஞ்சு, அரபு, கிரேக்கம், அர்மீனியம், சிரியாக், எபிரேயம் ஆகிய மொழிகளில் உள்ளன. தமிழில் நேரடி மொழிபெயர்ப்புகள் மிகக் குறைவு என்பதால் பெரும்பாலோர் ஆங்கில வழியாகவே படிக்க வேண்டியிருக்கும். ஆனால் நம் மதரசாக்களில் அரபு கற்றவர்களும் குருமடங்களில் லத்தீன் கற்றவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் இருவர் சேர்ந்து அமர்ந்து ஒரே நிகழ்ச்சியின் இரு சாட்சியங்களைத் தமிழாக்கினால் அது பெரும் தொண்டாகும் என்று உண்மையாகவே நம்புகிறேன். நாட்களை ஒப்பிடும்போது ஹிஜ்ரி ஆண்டு 354 அல்லது 355 நாட்கள் கொண்டது என்பதையும், இடைக்கால ஐரோப்பாவில் ஆண்டுத் தொடக்கம் ஊருக்கு ஊர் மாறியது என்பதையும் கவனிக்க வேண்டும்.

முதற்பயிற்சிக்கு நான் பரிந்துரைப்பது 1229. அந்த ஆண்டு பிப்ரவரியில் எகிப்தின் சுல்தான் அல்-காமில், போரின்றி, பத்தாண்டு உடன்படிக்கையில் ஜெருசலேமை இரண்டாம் பிரெடரிக்கிடம் தந்தார். அக்ஸா வளாகம் மட்டும் முஸ்லிம்கள் வசம் இருந்தது. பிரெடரிக்கோ போப்பால் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவர். ஜெருசலேமின் லத்தீன் மறைமுதல்வர் ஜெரோல்ட் சீற்றத்தோடு எழுதிய கடிதத்தையும், டமாஸ்கஸ் பள்ளிவாசலில் மக்கள் அழும்படி இந்த உடன்படிக்கையைக் கண்டித்துப் பேசிய ஸிப்த் இப்னுல் ஜவ்ஸியின் நூலையும் ஒருசேரப் படியுங்கள். பிறகு, அவரைப் பேசச் சொன்ன டமாஸ்கஸின் ஆட்சியாளர் அந்-நாசிர் தாவூத், அல்-காமிலின் சகோதரர் மகன் என்பதையும், அல்-காமில் அப்போது டமாஸ்கஸையே அவரிடமிருந்து பறிக்க முனைந்திருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்து, இரண்டு சாட்சியங்களையும் மீண்டும் ஒருமுறை படியுங்கள்.